மின்நிலையம் கழித்துவிட்ட தண்ணீரில் குளிக்கலாமா?

பிப்ரவரியில் ஐந்து நாள் ஐஸ்லாந்து போகிறீர்கள். நீங்கள், கணவர், கூடவே பிரஷர் மாத்திரை சாப்பிடும் 66 வயது அத்தை. "அங்கே பேர்பெற்ற ப்ளூ லகூன் வெந்நீர்க் குளம் இயற்கை ஊற்றே இல்லை, மின்நிலையக் கழிவுநீர் என்கிறார்களே, உண்மையா? இறங்குமுன் எல்லோர் முன்னாலும் துணியில்லாமல் குளிக்க வேண்டுமாமே? பக்கத்தில் எரிமலை வேறு. அவ்வளவு காசு கொடுத்துப் போகலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். கழிவுநீர் என்பதும் உண்மைதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல். நம் ஊரில் கழிவுநீர் என்றதும் சாக்கடைதான் கண்முன் வரும். இது அப்படியில்லை. ப்ளூ லகூன் இருக்கும் ரெய்க்யனெஸ் தீபகற்பம் முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். கடல் நீர் அதற்குள் இறங்கி, மழைநீரோடு கலந்து, ஆழத்தில் சூடான பாறையைத் தொடுகிறது. 2,000 மீட்டர் வரை துளை போட்டு அந்த நீரை மேலே கொண்டுவருகிறார்கள். அடியில் அதன் வெப்பம் சுமார் 240 டிகிரி. மூன்றில் இரண்டு பங்கு கடல் நீர், மிச்சம் நன்னீர். மேலே வரும்போது பீறிடும் ஆவியில் டர்பைன் சுழல்கிறது. இதுதான் ஸ்வார்ட்ஸெங்கி புவிவெப்ப நிலையம். 1976இல் ஓடத் தொடங்கியது.

மின்சாரம் மட்டுமல்ல, சுற்றுவட்டார ஊர்களின் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரும் அங்கிருந்துதான் போகிறது. ஆனால் நிலத்தடியிலிருந்து வரும் அந்த உப்பு நீரை அப்படியே குழாயில் விட முடியாது. அதில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் தாது, ஏராளமாகக் கரைந்திருக்கிறது. சூட்டில் கரைந்தே இருக்கும். ஆற ஆற, பாகில் சர்க்கரை பூத்துவிடுவதுபோல, வெள்ளையாகப் படியத் தொடங்கும். குழாய் அடைத்துப் போகும். அதனால் அந்த வெப்பத்தைக் கொண்டு வேறு நன்னீரைச் சூடாக்கி அதை வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். வேலை முடிந்த உப்பு நீரைப் பக்கத்துப் பாறைவெளியில் விட்டார்கள், ஓட்டைப் பாறைதானே, உறிஞ்சிக்கொள்ளும் என்ற கணக்கில். குழாயை அடைக்கும் சிலிக்கா பாறையின் ஓட்டைகளை மட்டும் விட்டுவைக்குமா? அதையும் அடைத்தது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, கறுப்புப் பாறை நடுவே பால் நீலத்தில் ஒரு குளம் உண்டாகிவிட்டது.

1981இல் சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ள ஒருவர் அனுமதி வாங்கி அதில் இறங்கிக் குளித்துப் பார்த்தார். தோலுக்கு இதமாக இருந்தது என்ற செய்தி பரவி, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1987இல் பொதுமக்களுக்கான குளியல் இடம் திறந்தது, 1992இல் அதை நடத்தக் கம்பெனி தொடங்கினார்கள், 1999இல் இப்போதைய இடத்துக்கு, பாறைவெளிக்குள்ளேயே சற்றுத் தள்ளி, மாற்றிக் கட்டினார்கள். ஆக, இன்று நீங்கள் பார்க்கப்போவது கட்டி, அளந்து, சூடு சரிபார்த்து நடத்தும் ஒரு குளம். தண்ணீர் 40 மணி நேரத்துக்கு ஒரு முறை முழுதாக மாறிவிடுகிறது. வெப்பம் 37 முதல் 40 டிகிரிக்குள். நீலம் என்பது சாயமில்லை, மிதக்கும் சிலிக்காத் துகள்களில் வெயில் பட்டுச் சிதறுவதால் வரும் நிறம். கையில் அள்ளினால் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுப்பாகத்தான் இருக்கும். கோடையில் பாசி சேர்ந்து லேசாகப் பச்சை தட்டும்.

"அப்படியானால் ஏமாற்று வேலைதானே" என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஐஸ்லாந்தின் நல்ல குளியல் இடங்களைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், பாதிக்கு மேல் யாரோ ஒரு இன்ஜினீயருடைய தலைவலியில் பிறந்தவை. வடக்கே ஹூசாவிக் என்ற ஊரில் வீடுகளுக்கு வெந்நீர் தேடித் துளை போட்டார்கள். கிடைத்ததோ உப்பும் தாதுவும் கலந்த சூடான கடல் நீர். வீட்டுக் குழாய்க்கு உதவாது. ஊர்க்காரர்கள் ஒரு பழைய பாலாடைக்கட்டித் தொட்டியை அங்கே கொண்டுபோய் வைத்து, அதில் நிரப்பிக் குளித்தார்கள். அதே நீரில்தான் 2018இல் ஜியோசீ என்ற குளியலிடம் வந்தது. அகுரேய்ரி ஊருக்கு எதிரே மலையைக் குடைந்து சாலைச் சுரங்கம் போட்டபோது, 2014இல் உள்ளே வெந்நீர் பீறிட்டுத் தோண்டும் வேலையே திண்டாடியது. அந்த நீரைக் குழாயில் இழுத்து 2022இல் காட்டோரமாக ஃபாரஸ்ட் லகூன் என்று திறந்துவிட்டார்கள். கிழக்கில் உர்ரிதாவாட்ன் என்ற ஏரியில், குளிர்காலத்தில் எல்லாம் உறைந்தாலும் சில இடங்களில் மட்டும் பனிக்கட்டி பிடிக்காமல் ஓட்டையாகவே இருந்தது. அடியில் வெந்நீர். பனியில் விழும் அந்த ஓட்டைக்கு அவர்கள் மொழியில் 'வோக்' என்று பெயர். இன்று அங்கே மிதக்கும் குளியலிடத்துக்கும் அதே பெயர்.

ஆக, 'இயற்கையா, செயற்கையா' என்ற கேள்வியே அந்த நாட்டில் சரியாகப் பொருந்தாது. பூமியின் மேலோட்டுப் பாறைத் தட்டுகளில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கும் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் நாடு அது. எங்கே தோண்டினாலும் சூடு. பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கதகதப்பு தருவது நிலத்தடி வெந்நீர்தான்.

சரி, எரிமலைக்கு வருவோம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்காகப் பயணத்தை ரத்தும் செய்ய வேண்டாம். 2023 நவம்பர் 10ஆம் தேதி இரவு, ப்ளூ லகூனுக்கு அடுத்துள்ள கிரின்டாவிக் என்ற மீன்பிடி ஊரை முழுதாகக் காலி செய்தார்கள். அந்த டிசம்பரில் வெடிப்பு தொடங்கியது. அதற்குப் பின் விட்டுவிட்டுப் பல முறை. 2024 ஜனவரியில் குழம்பு ஊருக்குள் புகுந்து சில வீடுகளை எரித்தது. பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸெங்கியிலிருந்து போகும் வெந்நீர்க் குழாயை அறுத்து, உறைபனிக் காலத்தில் 20,000 பேருக்கு மேல் வெந்நீரில்லாமல் செய்தது. நவம்பரில் ப்ளூ லகூனின் கார் நிறுத்துமிடமே குழம்புக்கு அடியில் போய்விட்டது. குளத்தையும் மின்நிலையத்தையும் சுற்றி மண்ணால் பெரிய கரை எழுப்பித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அங்கே வெடிப்பது, வானத்தை மறைக்கும் சாம்பல் வகை இல்லை. தரையில் பிளவு விட்டுக் குழம்பு வழியும் வகை. ஆகவே விமானங்கள் பெரும்பாலும் வழக்கம்போல் ஓடுகின்றன. அறிகுறி தெரிந்ததும் ஆட்களை வெளியேற்றி, குளத்தைச் சில நாளுக்கோ சில வாரத்துக்கோ மூடிவிடுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: கிளம்பும் வாரத்தில் ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்; மூடினால் காசு திரும்புமா என்பதைப் பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள். அந்த ஒரு குளத்தை நம்பி மட்டும் நாள் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது துணி விஷயம். இதைத்தான் முதலில் கேட்க நினைத்து, கூச்சப்பட்டு நடுவில் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

'எல்லோர் முன்னாலும்' என்பது தவறு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் உடைமாற்றும் பகுதி தனித்தனி. ஆனால் நீச்சலுடை போடுமுன், அது இல்லாமல், சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது நாடு முழுக்க உள்ள விதி. தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று எங்கெல்லாம் தேய்க்க வேண்டும் என்று படம் போட்டே ஒட்டியிருப்பார்கள். நீச்சலுடையோடு ஷவரில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நழுவலாம் என்று பார்த்தால், குளிக்குமிடத்தில் நிற்கும் ஊழியர் திருப்பி அனுப்புவார். பக்கத்தில் குளிக்கும் பாட்டியே கூட அனுப்பலாம். காரணம் எளிது: அவர்கள் குளத்தில் குளோரினை முடிந்த அளவு குறைவாகத்தான் போடுகிறார்கள். ப்ளூ லகூனில் போடுவதே இல்லை. வருகிறவர் உடம்பு சுத்தமாக இருந்தால்தான் அது நடக்கும். குளத்தில் இறங்குமுன் காலைக் கழுவ வேண்டும் என்று வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. உடம்பை மறைப்பது மட்டும்தான் நமக்கு வேறு.

நல்ல செய்தி: ப்ளூ லகூனில் கதவு போட்ட தனி ஷவர் அறைகள் உண்டு. அத்தைக்கு ஒரு சங்கடமும் வராது. நீச்சலுக்கென்றே தைத்த முழுக்கை, முழுக்கால் உடைகளும் அணியலாம். பருத்திச் சுடிதார், டி-ஷர்ட்டெல்லாம் கூடாது. குளிரில் நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டால் நீங்களே வெறுத்துப்போவீர்கள்.

இதில் தலைமுடி ஒரு தனிக் கதை. சிலிக்கா முடியை ஒன்றும் கெடுக்காது, ஆனால் காய்ந்ததும் தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொள்ளும். நீளமான முடி என்றால் இரண்டு நாள் சிக்கெடுக்க வேண்டியிருக்கும். ஷவர் அறையிலேயே கண்டிஷனர் வைத்திருப்பார்கள். அதைத் தாராளமாகப் பூசி, கழுவாமல் அப்படியே கொண்டை போட்டுக்கொண்டு, தலையை நனைக்காமல் இருப்பதுதான் வழி. சிலிக்கா ஒட்டாமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகலாமா என்று ஒரு தோழி கேட்டார். வேண்டாம். அடுத்தவர் குளிக்கும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும், தவிர அதைத்தான் வாசலிலேயே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள்.

அத்தையின் உடம்பைப் பற்றி. ஆழம் பெரும்பாலும் இடுப்பு, மார்பு அளவுதான், நீச்சல் தெரிய வேண்டியதில்லை. அடியில் சில இடங்களில் சேறு வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள்ளேயே தண்ணீரில் இறங்கி, அப்படியே நடந்து வெளிக்குளத்துக்குப் போக வழி உண்டு. ஈரக் காலோடு பனிக்காற்றில் ஓட வேண்டியதில்லை. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே கிளம்புமுன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால், பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, சட்டென்று எழாமல் மெல்ல எழுந்து, உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வரட்டும். டிக்கெட்டோடு ஒரு பானம் தருவார்கள், அவருக்கு அது பழச்சாறாக இருக்கட்டும். காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று அவசியம். உடம்பு வேகும், காது உறையும், அதுதான் அங்கத்திய குளியல்.

நேரம்: பிப்ரவரி நடுவில் சூரியன் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வரும், மாலை ஆறு வாக்கில் போய்விடும். நாலு மணிக்குப் பதிவு செய்தால் நீலத்தையும் பார்க்கலாம், இருட்டில் ஆவி பறக்கும் குளத்தையும் பார்க்கலாம். துருவ ஒளியை அங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள், மேகம் விட்டால்தான் உண்டு. இடம் கெப்லாவிக் விமான நிலையத்திலிருந்து 20 நிமிடம், தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து 50 நிமிடம். ஆகவே வந்து இறங்கும் நாளிலோ திரும்பும் நாளிலோ வைத்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சம். பெட்டிகளை வைக்கவும் இடம் உண்டு. முன்பதிவில்லாமல் போய் நிற்காதீர்கள்.

கூட்டம் குறைவான இடம் எது என்று கேட்டால், எல்லோரும் வடக்கே மிவாட்ன் ஏரிக்கரைக் குளியலைச் சொல்வார்கள். 2004இல் திறந்தது, அதே பால் நீலம், சற்றுத் தூக்கலான கந்தக வாடை. பக்கத்தில் க்வேரிர் என்ற மஞ்சள் மண்வெளியில் சேறு கொதித்துக்கொண்டிருக்கும், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் ரெய்க்யவிக்கிலிருந்து 470 கிலோமீட்டருக்கு மேல். பிப்ரவரிப் பனிச் சாலையில், ஐந்து நாளில், அத்தையோடு, வேண்டாம். ஜூனில் போகிறவர்களுக்குத்தான் அது. (கோடையில் வேறு தொல்லை: மிவாட்ன் என்றாலே கொசு மாதிரி இருக்கும் 'சிறு பூச்சிகளின் ஏரி' என்று பொருள். கடிப்பதைவிட மூக்கிலும் வாயிலும் நுழைவதுதான் அதிகம்.) தெற்கே ஃப்ளூதிர் என்ற சிற்றூரில் 1891இல் கட்டிய பழங்குளம் இருக்கிறது, நாட்டிலேயே பழைய நீச்சல்குளம். கைஸர் வெந்நீர் ஊற்றைப் பார்க்கப் போகும் வழியில் எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆடம்பரம் கிடையாது. எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட, நீங்கள் கேட்காத ஒரு இடத்துக்குத்தான் உங்களை அனுப்ப ஆசை: ஊர் நீச்சல்குளம். சின்ன ஊர்களில்கூட ஒன்று இருக்கும். 'சுன்ட்லோய்க்' என்பார்கள். திறந்தவெளி, வெந்நீர், ப்ளூ லகூன் டிக்கெட்டில் சிறு பங்குதான் கட்டணம். மீனவர் நாடு அது. படகு கவிழ்ந்து, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நீந்தத் தெரியாமல் மூழ்கிச் செத்தவர்கள் ஏராளம். 1940 முதல் பள்ளியில் நீச்சல் கட்டாயம். அதனால் ஊருக்கு ஊர் குளம். குளத்தைச் சுற்றி வட்ட வட்டமாகத் தொட்டிகள். அவற்றுக்குப் பெயரே 'சூடான பானை' என்றுதான். நம் கல்யாண வீட்டு அண்டாவுக்குள் எட்டுப் பேர் கழுத்தளவு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி, 40, 42, 44 என்று பலகை வைத்திருப்பார்கள். அரசியல், மீன் விலை, பக்கத்து வீட்டு விவாகரத்து எல்லாம் அங்கேதான் அலசப்படுகின்றன. பேசாமல் உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இரண்டாவது முறை போனபோது ஒரு முதியவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "நீ உட்கார்ந்திருப்பது என் இடம்." கோபமில்லை, தகவல்.

ரெய்க்யவிக்கில் லோய்கார்டால் பகுதிக் குளத்துக்குப் போங்கள், நகரத்தில் பெரியது அதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் முன்பு ஊற்றுகள் இருந்தன. நகரத்துப் பெண்கள் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து, அந்தக் கொதிநீரில் துவைத்துவிட்டு, ஈர மூட்டையோடு திரும்பி நடந்திருக்கிறார்கள், பனியிலும். 1930இல் அதே ஊற்றுநீரைக் குழாயில் இழுத்து ஒரு பள்ளிக்கும் சில கட்டடங்களுக்கும் கொடுத்தார்கள். இன்று நகரம் முழுக்க ஓடும் வெந்நீர்க் குழாய்களுக்கு அதுதான் தொடக்கம். அவர்கள் மொழியில் சனிக்கிழமைக்கு 'லோய்கர்தாகுர்' என்று பெயர், குளியல் நாள் என்று பொருள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்த அத்தையிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள், ஐஸ்லாந்துக்காரர்களை உடனே ஒப்புக்கொள்வார்.

அங்கே தனி ஷவர் அறை கிடைக்குமென்று எண்ணிப் போகாதீர்கள். துணிந்தால் இரண்டு நிமிடம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. செருப்பு, ஷூ வாசலிலேயே. குளித்துவிட்டுத் திரும்பும்போது லாக்கர் பகுதிக்குள் போகுமுன் உடம்பை நன்றாகத் துவட்டிவிட வேண்டும். தரையைச் சொட்டச் சொட்ட நனைத்தால் முறைப்பார்கள்.

காட்டில், மலையில் தென்படும் எந்த ஊற்றிலும் கை வைக்காதீர்கள். கைஸர் பகுதியில் ஓடும் சின்ன வாய்க்கால்கூடக் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். தங்கும் வீட்டுக் குழாயிலும் கவனம் வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும் சூட்டில் வரும், கந்தக வாடையோடு. குளிக்கச் சரி, சமையலுக்கு ஆகாது. சீக்கிரம் ஆகட்டும் என்று அந்த வெந்நீரைப் பிடித்துக் குக்கரில் சோறு வைத்தால், அழுகிய முட்டை வாசனையோடு சாப்பிட வேண்டியதுதான். குளிர்நீர்க் குழாயில் வருவது அருமையான தண்ணீர், அதையே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

அப்புறம், வெள்ளி. கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். என் மனைவியின் கொலுசு ஒரு குளத்தில் ஒரு மணி நேரத்தில் இரும்புச் சங்கிலி மாதிரி ஆகிவிட்டது. ஊருக்கு வந்து பட்டறையில் கொடுத்துத்தான் மெருகு போட்டோம். கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அத்தை மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், கறுத்தால் வந்து துலக்கிக்கொள்ளலாம்.